வீட்டுக்கு ஒரு கணினி: கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேரோ முஸ்தஃபாவோ, எந்தக் கடைக்குப் போய் "வீட்டுக்கு ஒரு லேப்டாப் வேணும்" என்று சொன்னாலும் முதலில் வரும் கேள்வி "பட்ஜெட் எவ்வளவு?" என்பதுதான். அதற்குப் பதில் சொன்னதுமே பேச்சு கடைக்காரர் கைக்குப் போய்விடும். ஐ5, ஐ7, 144 ஹெர்ட்ஸ் என்று எண்களாக வரும், நாம் தலையாட்டிக்கொண்டிருப்போம். வீட்டுக் கணினிக்கு அதில் பாதி தேவையே இல்லை. முதலில் வேலை, அப்புறம் இயங்குதளம் (விண்டோஸ், மேக் மாதிரி கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருள்), கடைசியில் பெட்டி, அதாவது கணினி. இந்த வரிசையில் போனால் கடையில் நிற்கும் நேரமும் குறையும்.

படி 1: யாருக்கு, எதற்கு?

ஒரு தாளில் வீட்டில் இருப்பவர்களின் பெயரை எழுதி, ஒவ்வொருவரும் கைப்பேசியில் செய்ய முடியாத எதைக் கணினியில் செய்யப் போகிறார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். பாட்டி தஞ்சாவூருக்கு வீடியோ அழைப்பில் பேசுவது போனிலேயே நடக்கிறது, அதைச் சேர்க்க வேண்டாம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி வழியாகவே ஒரு கற்றல் சாதனம் வந்துவிடுகிறது, அதனால் அவர்களைச் சாக்கு வைத்துப் பெரிய பெட்டி வாங்கத் தேவையில்லை. சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்குள் நுழையும் கணக்கு), மசேநிதி (மத்திய சேம நிதி), வருமான வரி, வங்கி எல்லாமே உலாவியில் திறப்பவை. க்யூஆர் குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்தால் உள்ளே போய்விடலாம். விண்டோஸா மேக்கா என்று அந்தத் தளங்கள் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் கழித்த பிறகு தாளில் என்ன மிஞ்சுகிறது? "இந்த மென்பொருள் இல்லாமல் முடியாது" என்று ஏதாவது இருந்தால் அதுதான் முக்கியம். அலுவலகக் கணக்கு மென்பொருள், குறிப்பிட்ட ஒரு கேம், பழைய எழுத்துருவில் கோயில் மலர் தட்டச்சு செய்யும் மாமாவின் பழைய புரோகிராம், எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் உங்கள் செலவு பாதியாகக் குறைய வாய்ப்பிருக்கிறது.

படி 2: இயங்குதளம்

என் அளவுகோல் ஒன்றுதான். ராத்திரி ஒன்பது மணிக்குக் கணினி மக்கர் பண்ணினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? அந்த அண்ணன், அந்தத் தங்கை, அந்த எதிர்வீட்டுப் பையன் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே வாங்குங்கள். படி 1-இல் கட்டாய மென்பொருள் ஏதாவது எழுதியிருந்தால் மட்டும் அதற்கு முதலிடம்.

விண்டோஸ் 11-இல் ஏறக்குறைய எல்லா மென்பொருளும் கிடைக்கும், பிரிண்டர் தகராறும் குறைவு. நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும், விளம்பரமும் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளலாம். மேக் நிம்மதியானது, பல வருடம் உழைக்கும். ஆனால் ரேமை (வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் நினைவகத்தை) பிறகு கூட்ட முடியாது. பழைய மேக் வாங்குவதாக இருந்தால் இன்டெல் சிப் உள்ளதைத் தொடாதீர்கள். 2025-இல் வந்த டஹோ என்ற மேக் இயங்குதளம்தான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு. 2020 கடைசியில் வந்த ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 அல்லது அதற்குப் பிந்தையதைப் பாருங்கள்.

உலாவி, மின்னஞ்சல், யூடியூப், கொஞ்சம் தட்டச்சு என்று முடிந்துவிடுகிற வீட்டுக்குக் கூகுளின் குரோம் ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் லேப்டாப் தாராளமாகப் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை. 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து ஆண்டு அப்டேட் உண்டு, ஆனால் அது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து கணக்காகாது, அந்த வன்பொருள் வெளியான நாளிலிருந்து கணக்காகும். கடை மூலையில் மலிவாகக் கிடக்கும் பழைய மாடலுக்கு மூன்று வருடம்தான் மீதி இருக்கலாம். அப்டேட் முடியும் தேதி கூகுள் தளத்தில் மாடல்வாரியாக இருக்கிறது, பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

தமிழ்த் தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். தமிழ் 99 விசைப்பலகை இந்த மூன்றிலும், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்திலும் உள்ளேயே இருக்கிறது, செட்டிங்ஸில் மொழியைச் சேர்த்தால் போதும். (அதன் பின்கதையில் நமக்கும் ஒரு பங்குண்டு. தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று 1997-இல் சிங்கப்பூரில் நடத்திய தமிழ்நெட் என்ற தமிழ்க் கணிமை மாநாட்டின் தொடர்ச்சியாக, 1999-இல் சென்னையில் கூடியபோதுதான் அந்த விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது.)

படி 3: வீட்டில் இருப்பதை ஒருமுறை சோதியுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. உடனே பழையதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருளை ஓட்டினால் உங்கள் கணினி 11-க்கு ஏறுமா என்று சொல்லிவிடும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புரொசசராவது வேண்டும்.

ஏறாது என்றால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட். குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் பலேனா எட்சர் என்ற மென்பொருள் மூலம் மின்டை எழுதிக்கொண்டு, கணினியை அதிலிருந்து பூட் செய்யுங்கள், அதாவது தொடங்குங்கள். நிறுவாமலேயே திரையில் முழு இயங்குதளமும் ஓடும். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் நான்கையும் அப்போதே பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்கில் நகலெடுத்த பிறகே நிறுவுங்கள், ஏனென்றால் டிஸ்கை அழித்து நிறுவும் வழியைத் தேர்ந்தால் பழையது எதுவும் மிஞ்சாது. இணையம் பார்ப்பதற்கும் லிப்ரே ஆபிஸில் கடிதம் எழுதுவதற்கும் 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் மின்ட் நன்றாகவே ஓடும்.

படி 4: பெட்டி

புதிதாக வாங்கினால் ரேம் 16 ஜிபி. குரோம்புக்குக்கு மட்டும் 8 போதும். சேமிப்பு எஸ்எஸ்டியாக (வேகமான சிப் வகை டிஸ்க்) இருக்க வேண்டும், 512 ஜிபி இருந்தால் சில வருடம் யோசிக்க வேண்டாம். மலிவு லேப்டாப்புகளில் சேமிப்புக்கு இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான வகை) என்று போட்டிருந்தால் விலகிப் போங்கள். அப்டேட் வரும்போதெல்லாம் இடமும் இருக்காது, வேகமும் இருக்காது. ரேம் போர்டோடு ஒட்டியதா, பிறகு மாற்றலாமா என்றும் கேளுங்கள். புரொசசருக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஐ5 அல்லது ரைசன் 5 வகையில் சமீபத்தியது எதுவும் சரி.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் படிப்பு மேசையும் சாப்பாட்டு மேசையும் ஒன்றாக இருப்பவர்களுக்கு லேப்டாப்தான் வசதி. ஓர் ஓரத்தில் நிரந்தர இடம் இருந்தால் மினி பிசியைப் பாருங்கள். உள்ளங்கை அளவுதான், வீட்டு டிவியிலேயே எச்டிஎம்ஐ வயரால் மாட்டிக்கொள்ளலாம், அதே பணத்துக்குக் கூடுதல் ரேமும் கிடைக்கும்.

படி 5: கடையில்

"உள்ளூர் வாரண்டியா, எக்ஸ்போர்ட் செட்டா?" என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். வேறு நாட்டுச் சந்தைக்கென வந்த எக்ஸ்போர்ட் செட் மலிவாக இருக்கும், ஆனால் பழுதானால் இங்குள்ள சர்வீஸ் சென்டர் கையை விரிக்கக்கூடும். இங்கே 2012 முதல் பழுதான பொருள் வாங்கியவருக்குப் பாதுகாப்பு தரும் லெமன் சட்டம் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் அது விற்கும்போதே இருந்த பழுது என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பாடு. கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். கரோசல் என்ற இணையச் சந்தையில் தனிநபரிடம் வாங்கினால் பொருந்தாது. அங்கே எம்ஆர்டி நிலையத்தில் நின்று அவசரமாகக் கைமாற்றிக்கொள்ளாமல், உட்கார இடம் உள்ள காப்பிக்கடையில் திறந்து, சார்ஜ் ஏறுகிறதா, எல்லா விசையும் வேலை செய்கிறதா, பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

முதலில் அப்டேட் முழுவதையும் ஓடவிடுங்கள். ஆளுக்கொரு கணக்கு போடுங்கள், பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமை வேண்டாம். படங்களுக்கு வெளி டிஸ்கில் ஒரு நகல். புதுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறவர்கள், கேட்டால் அதே வகைப் பழைய சாதனம் ஒன்றை இலவசமாக எடுத்துப் போக வேண்டும் என்பது 2021 ஜூலையிலிருந்து விதி. கொடுப்பதற்கு முன் பழைய கணினியின் டிஸ்கை அழித்துவிடுங்கள், அல்லது கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.