வங்கதேசத்தின் ஒரு கிராமப்புற மாவட்டத்துக்கு மக்கள்தொகை, குடும்பக் கணக்கு அட்டவணை தயாரிப்பது எப்படி? பர்குனாவை வைத்து ஒரு செய்முறை

வங்கதேசத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகள் மாவட்டத்தோடு நிற்பதில்லை. கிராமம் வரை இறங்குகின்றன. எத்தனை குடும்பங்கள், எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எல்லாம் அச்சில் இருக்கிறது. அதை எடுத்து எக்செல்லில் போட்டு மொத்தம் பார்த்தால் முடிந்தது என்றுதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் நினைப்பார்கள். கூட்டல் சுலபம்தான். எந்த வரிசையை எதனோடு கூட்டலாம், எந்த ஆண்டின் எல்லையை எந்த ஆண்டோடு ஒப்பிடலாம் என்பதில்தான் தவறு நடக்கும்.

எடுத்துக்காட்டுக்குத் தெற்குக் கடலோரத்தில், பரிசால் கோட்டத்தில் உள்ள பர்குனா மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். சிறிய மாவட்டம். ஆனால் தொடக்கக்காரர்கள் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் இங்கே இருக்கின்றன.

படி 1: அடுக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

நிர்வாக அடுக்கு மேலிருந்து கீழாக இப்படி வரும்: கோட்டம், ஜில்லா (மாவட்டம்), உபஜில்லா, யூனியன், மௌசா, கிராமம். நகராட்சிப் பகுதியில் யூனியனுக்குப் பதில் பௌரசபாவும் வார்டும், கிராமத்துக்குப் பதில் மகல்லாவும் வரும். நாட்டில் கோட்டங்கள் 8, மாவட்டங்கள் 64.

இதில் குழப்புவது மௌசா. அது வருவாய்த்துறையின் நில அலகு, மக்கள் வாழும் ஊர் அல்ல. ஒரு மௌசாவுக்குள் இரண்டு மூன்று கிராமங்கள் இருக்கலாம். மௌசாவும் கிராமமும் ஒரே பெயரில் வருவதும் சகஜம். ஆற்று மணல்திட்டுகளில், அதாவது சர் நிலங்களில், ஆளே இல்லாத மௌசாக்களும் உண்டு. குடும்பம் பூஜ்யம் என்று வந்தால் விடுபட்ட தரவு என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். அதன் நிலப்பரப்பு யூனியனின் பரப்பில் சேர வேண்டும்.

படி 2: எதை ‘குடும்பம்’ என்று எண்ணியிருக்கிறார்கள்?

கணக்கெடுப்பின் அலகு ‘கானா’. ஒரே உலையில் பொங்கிச் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு கானா. ஒரே முற்றத்தைச் சுற்றி அண்ணன் தம்பி மூவர் தனித்தனி அடுப்பு வைத்திருந்தால் மூன்று கானா. இந்தியக் கணக்கெடுப்பும் பொதுச் சமையலைத்தான் அளவுகோலாகக் கொள்கிறது என்பதால் நம் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. வீட்டுக் கட்டடங்களின் எண்ணிக்கை என்று மட்டும் இதை எழுதிவிடாதீர்கள்.

2011 அட்டவணைகளில் கானா மூன்று வகை: பொது, நிறுவனம், மற்றவை. விடுதி, மருத்துவமனை, சிறை போன்றவை நிறுவன வகையில் சேரும். நூறு மாணவர் தங்கிப் படிக்கும் மதரசா ஒன்று ஒரே கானாவாகப் பதிவாகலாம். சின்ன மௌசாவில் அப்படி ஒன்று இருந்தால் சராசரிக் குடும்ப அளவு தாறுமாறாக ஏறும். மௌசா அளவில் வேலை செய்கிறவர்கள் பொதுக் குடும்பங்களில் வாழும் மக்களை மட்டும் எடுத்து, பொதுக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மாவட்ட அளவில் இந்த வேறுபாடு கரைந்துவிடும்.

யாரை எங்கே எண்ணினார்கள் என்பதும் முக்கியம். ஒரு குறிப்பிட்ட நள்ளிரவில் ஒருவர் எங்கே தங்கியிருந்தாரோ அங்கேதான் அவர் கணக்கு. 2011-ல் அது மார்ச் 15 பிறக்கும் நேரம், 2022-ல் ஜூன் 15 பிறக்கும் நேரம். பயணத்திலோ இரவுப் பணியிலோ இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு, அவர்களைச் சொந்த வீட்டில் சேர்த்தார்கள். டாக்காவில் மாதக்கணக்கில் வேலை பார்க்கும் பர்குனா ஆள் டாக்காவின் கணக்கில்தான் இருப்பார். பர்குனாவில் 2011-ல் ஆண்கள் 4,37,413 பேர், பெண்கள் 4,55,368 பேர். நூறு பெண்களுக்கு 96 ஆண்கள். இந்த எண்ணைப் படிக்கும்போது வெளியூர் வேலையை மறக்கக் கூடாது.

படி 3: எண்களை உள்ளிடுங்கள்

2011-க்கு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இரண்டு வகை அறிக்கைகள் உண்டு. மாவட்ட அறிக்கை ஒன்று, கிராம அளவிலான சமூக அறிக்கை மற்றொன்று. முதலில் உபஜில்லா எண்களை மட்டும் உள்ளிடுங்கள். அவை சரியாக நின்ற பிறகே யூனியனுக்கு இறங்க வேண்டும்.

| உபஜில்லா | குறியீடு | குடும்பங்கள் | மக்கள் | பரப்பு (ச.கி.மீ.) |
|---|---|---|---|---|
| ஆம்தலி | 09 | 63,212 | 2,70,802 | 720.76 |
| பாம்னா | 19 | 19,111 | 79,564 | 101.05 |
| பர்குனா சதர் | 28 | 63,016 | 2,61,343 | 454.39 |
| பேத்தாகி | 47 | 29,073 | 1,17,145 | 167.75 |
| பாத்தர்காட்டா | 85 | 41,430 | 1,63,927 | 387.36 |
| மாவட்டம் | 04 | 2,15,842 | 8,92,781 | 1,831.31 |

மாவட்ட வரிசையைச் சூத்திரத்தால் நிரப்பாதீர்கள். அறிக்கையில் அச்சிட்டிருக்கும் மாவட்ட எண்ணைக் கையால் அடியுங்கள். ஐந்து உபஜில்லாக்களின் கூட்டலை அதற்குக் கீழே தனி வரிசையில் போடுங்கள். இரண்டின் வித்தியாசம் மூன்றாவது வரிசை. அந்த மூன்றாவது வரிசை முழுக்கப் பூஜ்யம் வந்தால்தான் அடுத்த படி. மேலே உள்ள அட்டவணையில் மூன்று நெடுவரிசைகளும் கச்சிதமாகக் கூடுகின்றன, நீங்களே போட்டுப் பாருங்கள்.

குறியீட்டு நெடுவரிசையை எண்ணாக அல்ல, உரையாக வடிவமைத்துவிட்டுத்தான் அடிக்கத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் எக்செல் 04-ஐ 4 ஆக்கும், 09-ஐ 9 ஆக்கும். பரிசால் கோட்டம் 10, பர்குனா 04, ஆம்தலி 09 எல்லாம் சேர்ந்தால் 100409. முன்பூஜ்யம் போனால் அது 1049 என்று வரும், வேறு எந்தக் கோப்போடும் பொருந்தாது. பெயரை வைத்து இணைக்கலாமே என்றால் அதுவும் ஆபத்து. 2018-ல் அரசு பரிசால், சிட்டகாங், கொமில்லா, ஜெஸ்ஸோர், போக்ரா ஆகிய பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றியது. 2011 கோப்பில் ஒரு வடிவம், 2022 கோப்பில் இன்னொரு வடிவம். குறியீடு மட்டும் மாறாமல் இருக்கும்.

படி 4: கூட்டல் ஒத்துவரவில்லை என்றால்

இந்த வேலையில் அதிக நேரம் விழுங்குவது இதுதான். வித்தியாசத்தின் அளவே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வங்க மொழி அறிக்கையிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் இலக்கங்களைக் கவனியுங்கள். வங்க எழுத்தின் நான்கு நம் கண்ணுக்கு 8 மாதிரியே இருக்கும், ஏழு 9 மாதிரி இருக்கும். நான்கை எட்டாகப் படித்திருந்தால் வித்தியாசம் 4, 40, 400, 4,000 என்று வரும். ஏழை ஒன்பதாகப் படித்திருந்தால் 2, 20, 200 என்று வரும். இப்படி ஒரு வித்தியாசம் கிடைத்தால் அந்த இடமதிப்பில் உள்ள எட்டுகளையும் ஒன்பதுகளையும் மட்டும் திரும்பப் பாருங்கள். முழு நெடுவரிசையையும் மறுபடி அடிக்க வேண்டியதில்லை.

வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 63,212 என்பதை 63,122 என்று அடித்தால் 90 குறையும்.

கூட்டல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வந்தால் அது தட்டச்சுப் பிழை அல்ல. சமூக அறிக்கையின் அட்டவணையில் மாவட்டம், உபஜில்லா, யூனியன், மௌசா, கிராமம் எல்லாம் ஒரே நெடுவரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் கூட்டினால் ஒரே ஆளை ஐந்து முறை வரை எண்ணியிருப்பீர்கள். இதைத் தவிர்க்க ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, மாவட்டத்துக்கு 1, உபஜில்லாவுக்கு 2 என்று கிராமத்துக்கு 5 வரை போடுங்கள். பிறகு எப்போதும் ஏதாவது ஒரு நிலையை மட்டும் வடிகட்டிக் கூட்டுங்கள்.

கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வங்க எழுத்து வெறும் கிறுக்கலாக வந்தால் கோப்பு கெட்டுப்போகவில்லை. பழைய பிஜோய் எழுத்துருவில் அச்சிட்டது, யூனிகோடு அல்ல. யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டெடுங்கள். பெயர்கள் மட்டும்தான் வேண்டும் என்றால் ஆங்கிலப் பதிப்பே போதும்.

படி 5: சராசரியும் அடர்த்தியும்

சராசரிக் குடும்ப அளவு என்பது மக்கள் ÷ குடும்பங்கள். ஆம்தலி 4.28, பாம்னா 4.16, சதர் 4.15, பேத்தாகி 4.03, பாத்தர்காட்டா 3.96. மாவட்டத்துக்கு 8,92,781 ÷ 2,15,842 = 4.14. ஐந்து சராசரிகளையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 4.12 வரும், அது தவறு. பாம்னாவின் 19 ஆயிரம் குடும்பங்களுக்கும் ஆம்தலியின் 63 ஆயிரத்துக்கும் ஒரே எடை கொடுத்துவிட்டீர்கள். இங்கே வித்தியாசம் சிறியதுதான். யூனியன்களில் இதே வேலையைச் செய்தால் பெரிதாகும். அந்த ஆண்டு நாடு தழுவிய சராசரி 4.4, ஆக பர்குனாவின் குடும்பங்கள் சற்றுச் சிறியவை.

அடர்த்திக்கு ஒரு எச்சரிக்கை. மௌசாக்களின் பரப்பு ஏக்கரில் இருக்கும், அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு. ஏக்கரை 247.1 ஆல் வகுத்தால் சதுர கிலோமீட்டர். மாவட்டத்துக்குச் சதுர கிலோமீட்டருக்கு 488 பேர். பாம்னாவில் 787, ஆம்தலியில் 376. பாம்னாவில் நெரிசல் இரண்டு மடங்கு என்று உடனே எழுதிவிடக் கூடாது. இந்த மாவட்டத்தின் பரப்பில் அகன்ற ஆறுகளும், கடலோரக் காடுகளும் அடங்கியிருக்கின்றன. ஆள் வாழும் நிலத்தை மட்டும் எடுத்தால் இடைவெளி இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

படி 6: வேறு ஆண்டோடு ஒப்பிடுதல்

பர்குனாவில் 2001-ல் எண்ணப்பட்டவர்கள் 8,48,554 பேர். 2011-ல் 8,92,781. கூடியது 5.2 விழுக்காடு. ஆண்டு வளர்ச்சி வீதம் வேண்டுமானால் இடைவெளியைப் பத்து ஆண்டு என்று எடுக்காதீர்கள். 2001 கணக்கெடுப்பு ஜனவரி 23-27-ல் நடந்தது, 2011 கணக்கெடுப்பு மார்ச் 15-19-ல். இடைவெளி 10.14 ஆண்டு. புதிய எண்ணைப் பழைய எண்ணால் வகுத்து, (1 ÷ 10.14) என்ற அடுக்குக்கு உயர்த்தி, 1-ஐக் கழித்தால் 0.50 விழுக்காடு. 2011 மார்ச்சிலிருந்து 2022 ஜூனுக்கு 11.25 ஆண்டு. 2022-ல் பர்குனாவின் எண்ணிக்கை ஏறத்தாழ 10.105 லட்சம், ஆகவே வீதம் 1.11 விழுக்காடு. பதினொன்று என்று எடுத்தால் 1.13 ஆகிவிடும்.

வளர்ச்சி எதிர்மறையாக வந்தால் பதறித் திருத்தாதீர்கள். பரிசால் கோட்டத்தில் அது நடந்ததுதான். பக்கத்து ஜாலகாட்டி மாவட்டம் 2001-ல் 6,94,231, 2011-ல் 6,82,669.

ஆனால் உபஜில்லா அளவில் சரிவு தெரிந்தால் முதலில் எல்லையைச் சந்தேகியுங்கள். 2011 அட்டவணையில் உள்ள ஆம்தலியும் 2022 அட்டவணையில் உள்ள ஆம்தலியும் ஒன்றல்ல. இடையில் தால்தலி தனி உபஜில்லாவாகப் பிரிந்தது, அதன் குறியீடு 92. நிஷான்பாரியா, சோனாகாட்டா போன்ற தெற்கு யூனியன்கள் அதோடு போய்விட்டன. நேராக ஒப்பிட்டால் ஆம்தலியில் ஏதோ பெரும் வெளியேற்றம் நடந்ததுபோல் தோன்றும். 2022-ன் ஆம்தலியையும் தால்தலியையும் கூட்டி, ‘பழைய ஆம்தலி’ என்று ஒரே வரிசையாக வையுங்கள். புதிய எண்ணைப் பழைய எல்லைக்குள் மடிப்பது எப்போதும் சுலபம். பழைய எண்ணைப் புதிய எல்லைக்குப் பிரிக்க யூனியன் வாரியாக இறங்க வேண்டும்.

பால்வாரி நெடுவரிசையிலும் ஒரு மாற்றம். 2022-ல் ஹிஜ்ரா (திருநங்கையர்) தனிப்பிரிவு, நாடு முழுக்க 12,629 பேர் அப்படிப் பதிவானார்கள். மொத்தத்திலிருந்து ஆண்களைக் கழித்தால் பெண்கள் என்ற பழைய சூத்திரத்தை அழித்துவிட்டு, ஒவ்வொன்றையும் நேராக உள்ளிடுங்கள்.

படி 7: எண்ணியதா, திருத்தியதா?

கணக்கெடுப்பு முடிந்ததும் மாதிரிப் பகுதிகளில் மறு சோதனை நடத்தி, எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று மதிப்பிடுவார்கள். 2011-ல் எண்ணியது 14,40,43,697, திருத்திய பின் 14,97,72,364. 2022-ல் முதற்கட்ட அறிக்கையில் 16,51,58,616, திருத்திய பின் 16,98,28,911. பர்குனாவின் 8,92,781 எண்ணிய வகை. அதை நாட்டின் திருத்திய மொத்தத்தால் வகுத்துப் பங்கு கண்டுபிடித்தால் மாவட்டம் இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும். எண்ணியதை எண்ணியதோடுதான் வகுக்க வேண்டும்.

நாட்டின் விடுபாட்டு விழுக்காட்டை எடுத்து ஒவ்வொரு யூனியன் எண்ணையும் பெருக்கிவிடலாமே என்ற ஆசை வரும். செய்யாதீர்கள். விடுபாடு ஊருக்கு ஊர் ஒன்றுபோல இருக்காது, நகரத்தில் ஒரு அளவு, கிராமத்தில் வேறு அளவு. யூனியன் அட்டவணையில் எண்ணிய எண்ணையே வைத்து, தலைப்பிலேயே ‘எண்ணப்பட்டவர்கள், 2011, திருத்தாதது’ என்று எழுதுங்கள்.

1981-க்கும் முந்தைய ஆண்டுகளுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. பர்குனா 1984-ல்தான் பட்டுவாகாலியிலிருந்து பிரிந்து மாவட்டமானது. அதற்கு முந்தைய அட்டவணைகளில் ‘பர்குனா மாவட்டம்’ என்ற வரிசையைத் தேடினால் கிடைக்காது. பட்டுவாகாலியின் கீழ் ஆம்தலி, பாம்னா, பர்குனா, பேத்தாகி, பாத்தர்காட்டா என்ற தானாக்களை (உபஜில்லாக்களின் பழைய வடிவம்) பொறுக்கி எடுத்து, நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும்.