ஒரே குழுவை எத்தனை முறை எண்ணினீர்கள்? சேர்ப்பியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருள்களை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம், அடுக்கலாம் என்று எண்ணும் கணிதப் பிரிவான சேர்ப்பியலில் சூத்திரம் மறந்துபோய் மதிப்பெண் இழப்பவர்களைவிட, ஒரே பொருளைப் பலமுறை எண்ணிவிட்டு அதைக் கவனிக்காமல் போகிறவர்களே அதிகம்.

இதற்கு முதல் காரணம் “குறைந்தது ஒன்று” என்ற நிபந்தனை. 6 ஆண்கள், 5 பெண்களிலிருந்து, குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்கும்படி 4 பேர் கொண்ட குழு அமைக்க வேண்டும். முதலில் ஒரு பெண்ணை எடுக்க 5 வழிகள், மீதி 10 பேரில் 3 பேரை எடுக்க 120 வழிகள். ஆக 600 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் எந்த நிபந்தனையும் இல்லாமலே 11 பேரில் 4 பேரை 330 விதமாகத்தான் எடுக்க முடியும்! அதில் ஆண்கள் மட்டுமே உள்ள 15 குழுக்களைக் கழித்தால் வரும் 315தான் விடை.

600 எப்படி வந்தது? அமுதாவும் வள்ளியும் இருக்கும் குழுவில், ‘முதலில் எடுத்த பெண்’ அமுதாவாகவும் இருக்கலாம், வள்ளியாகவும் இருக்கலாம். எத்தனை பெண்கள் உண்டோ அத்தனை முறை அந்தக் குழு கணக்கில் ஏறுகிறது. 1, 2, 3, 4 பெண்கள் உள்ள குழுக்கள் முறையே 100, 150, 60, 5. எனவே 100 + 300 + 180 + 20 = 600.

ஆகவே பெருக்கி முடித்ததும், உருவான குழு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள்: இது என் படிகளில் எத்தனை வழிகளில் வந்திருக்கும்? எப்போதும் ஒரே வழி என்றால் கணக்கு சரி. எல்லாவற்றுக்கும் ஒரே எண் வந்தால் அதால் வகுக்கலாம். குழுவுக்குக் குழு மாறினால் வகுத்துப் பயனில்லை. முறையையே மாற்ற வேண்டும்.

6 பேரை 3 ஜோடிகளாகப் பிரிக்கும் கணக்கில், முதல் ஜோடிக்கு 15 வழிகள், அடுத்ததற்கு 6, கடைசிக்கு 1 என்று 15 × 6 × 1 = 90 வருகிறது. மூன்று ஜோடிகளை 3! = 3 × 2 × 1 = 6 வரிசைகளில் எடுக்கலாம் என்பதால் ஒவ்வொரு பிரிவும் 6 முறை எண்ணப்பட்டிருக்கிறது, விடை 15. அதே ஜோடிகள் மூன்று வெவ்வேறு அறைகளுக்குப் போகின்றன என்றால் 90தான் சரி. கேள்வியில் பெயரிட்ட இடங்கள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் வகுக்காதீர்கள்.

வட்டத்தில் 4 மணிகள், இரண்டு நிறங்கள், சுழற்றினால் ஒன்றாகிறவை ஒன்றே என்ற கணக்கில், நிறமிடும் வழிகள் 2 × 2 × 2 × 2 = 16, சுழற்சிகள் 4 என்று பலர் 16 ÷ 4 = 4 என்கிறார்கள். முழு எண் வந்துவிடுவதால் சந்தேகமே எழாது, அதுதான் ஆபத்து. ஒரே நிறத்தில் அமைந்த 2 வட்டங்கள் 16இல் ஒவ்வொரு முறையே வருகின்றன. நிறம் மாறி மாறி வரும் வட்டம் 2 முறை, மற்ற 3 வகைகள் தலா 4 முறை. ஆக மொத்தம் 6 வகைகள். இப்படிப்பட்ட கணக்குகளுக்கு உதவுவது பர்ன்சைடு தேற்றம்: ஒவ்வொரு சுழற்சியும் மாற்றாமல் விடும் அமைப்புகளை எண்ணிக் கூட்டி, சுழற்சிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 0°, 90°, 180°, 270° சுழற்சிகள் மாற்றாமல் விடுபவை முறையே 16, 2, 4, 2, கூட்டுத்தொகை 24, நான்கால் வகுத்தால் 6.

சிறிய எண்களை வைத்துச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் மிகச் சிறியதை எடுத்தால் தவறு ஒளிந்துகொள்ளும். முதல் கணக்கில் ஒரே ஒரு பெண் என்று வைத்தால், தவறான முறையும் சரியான முறையும் ஒரே விடையாக 20ஐத் தரும். 2 ஆண்கள், 2 பெண்கள், 2 பேர் குழு என்று எடுங்கள்: தவறான முறை 6 தரும், எழுதிப் பார்த்தால் 5 குழுக்கள்தான் கிடைக்கும்.