கார் இன்ஜினை வீட்லயே மாத்தணும்னா: தூக்குறதை விட சேர்க்குறதுல கவனமா இருங்க

இன்ஜின் மாத்தணும்னு சொன்னாலே எல்லாருக்கும் அதைத் தூக்குறதை நினைச்சுதான் பயம் வரும், ஒழுங்கான ஹாய்ஸ்ட் (இன்ஜின் தூக்குற சின்ன கிரேன்) இருந்தா அது சீக்கிரம் முடிஞ்சிடும். நல்ல இன்ஜின் வீணாப் போறது கியர்பாக்ஸோட சேர்க்கும்போதும், முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும்தான், அதனால அந்த ரெண்டையும் விரிவா சொல்றேன்.

மாத்து இன்ஜின் கைக்கு வந்ததும் உடனே ஸ்பேனரை எடுக்காதீங்க. இன்ஜின் மாடலைச் சொல்ற கோட் நம்பர், சென்சார் இருக்குற இடம், மவுண்ட் போல்ட் ஓட்டை, ஆயில் சம்ப் (அடியில ஆயில் நிக்கிற தொட்டி) ஷேப், ஃப்ளைவீல் (கிராங்க் பின்னாடி இருக்குற கனமான சக்கரம்) பல் எண்ணிக்கை எல்லாத்தையும் பழசோட ஒத்துப்பாருங்க, ஒரு பிராக்கெட் மாறியிருந்தா கூட இன்ஜின் தொங்கிட்டு இருக்கும்போது தெரியிறதை விட தரையில இருக்கும்போது தெரியிறது எவ்வளவோ மேல். செகண்ட் ஹேண்ட் இன்ஜின்னா கிராங்க் புல்லி (இன்ஜின் முன்னாடி பெல்ட் ஓடுற சக்கரம்) போல்ட்ல ராட்செட் போட்டு கையால சுத்திப் பாருங்க, எங்கயும் பிடிக்காம சுத்தணும். ரியர் ஆயில் சீல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட் எல்லாம் இன்ஜின் வெளிய இருக்கும்போதே மாத்திடுங்க, இதுல மிச்சம் பிடிக்காதீங்க, ஒரு சீலுக்காக திரும்ப கியர்பாக்ஸை இறக்குறது கொடுமை. இன்ஜின் நம்பர் மாறுறதால வண்டி பதிவுலயும் மாத்த வேண்டி வரலாம், பில்லை பத்திரமா வைங்க.

கழட்டும்போது முதல்ல பேட்டரி நெகட்டிவ். பெட்ரோல் வண்டின்னா அதுக்கு முன்னாடியே ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துட்டு இன்ஜின் ஸ்டார்ட் ஆகுற நிலையில இருந்தா அது தானா நிக்கிற வரைக்கும் நின்ன இடத்துலயே ஓட விடுங்க, லைன்ல பிரஷர் இறங்கிடும். ஏசி பைப்பைத் திறக்கவே வேணாம், கம்ப்ரஸரை மட்டும் போல்ட் கழட்டி ஓரமா கயித்துல கட்டிடுங்க, வெயிட் பைப்ல தொங்கக்கூடாது. கூலன்ட்டை இன்ஜின் ஆறினப்புறம் பாத்திரத்துல பிடிச்சு மூடி வைங்க, இனிப்பா இருக்கும்னு நாய் பூனை நக்கிடும், அது விஷம். ஒவ்வொரு கனெக்டர்லயும் ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி நம்பர் போடுங்க, போட்டோவும் எடுங்க, முக்கியமா எர்த் வயர் எங்க எங்க மாட்டியிருக்குன்னு, அது ஒண்ணு விட்டுப்போனா கூட ஸ்டார்ட் ஆகாம படுத்தி எடுக்கும். எக்ஸாஸ்ட் போல்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்குற ஆயில் அடிச்சு வைங்க.

நாலு சிலிண்டர் இன்ஜினே பெரும்பாலும் 100 கிலோவைத் தாண்டும். ஹாய்ஸ்ட் கையை நீட்ட நீட்ட அது தாங்குற எடை குறையும், கையிலயே எழுதியிருக்கும், பாத்துக்கோங்க. தரை சிமெண்ட்டா இருக்கணும், மண்ணுல சக்கரம் இறங்கிடும். கொஞ்சம் தூக்கிட்டு நிறுத்தி எதாவது வயரோ ஹோஸோ இழுக்குதான்னு சுத்திப் பாத்துட்டு அப்புறம் தூக்குங்க, தொங்குற இன்ஜினுக்கு கீழ யாரும் கை கூட நீட்டக்கூடாது. சில ஃப்ரண்ட் வீல் டிரைவ் வண்டில இன்ஜின் கீழ் வழியாதான் வரும், சர்வீஸ் மேனுவலைப் பாத்துட்டு ஆரம்பிங்க.

இப்ப முக்கியமான கட்டம். மேனுவல் கியர்பாக்ஸ்னா கிளட்ச் பிளேட்டை சென்ட்டர் பண்ற டூல் வச்சு நடுவுல நிறுத்தி பிரஷர் பிளேட்டை குறுக்கா குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க, டவல் பின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் நேரா சேர வைக்கிற சின்ன முளை) ரெண்டும் இருக்கான்னு பாருங்க. கியர்பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள்ள போகலன்னா கியர் போட்டுட்டு கிராங்கை லேசா சுத்துங்க, பல்லு சேர்ந்ததும் தானா நழுவி உள்ள போகும். கையால ஆட்டி தள்ளினாலே பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் முன்னாடி இருக்குற மணி மாதிரி கூடு) இன்ஜினோட முழுசா ஒட்டணும். ஒரு விரல் இடைவெளி இருக்கு, போல்ட்டைப் போட்டு இழுத்துடலாம்னு தோணும், தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க, ஹவுசிங் காது உடையும் இல்லன்னா கிளட்ச் பிளேட் வளையும். ஆட்டோமேட்டிக்னா இன்னும் கவனம் வேணும், டார்க் கன்வர்ட்டரை (ஆட்டோமேட்டிக்ல கிளட்ச்சுக்குப் பதிலா இருக்குறது) கியர்பாக்ஸ்குள்ள சுத்திக்கிட்டே தள்ளணும், டக்கு டக்குன்னு ரெண்டு மூணு தடவை உள்ள இறங்குறது கைக்குத் தெரியும். பெல் ஹவுசிங் ஒட்டினப்புறமும் கன்வர்ட்டர் கையால ஃப்ரீயா சுத்தணும், ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (ஆட்டோமேட்டிக்ல ஃப்ளைவீல் இடத்துல இருக்குற மெல்லிய தட்டு) அதுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்கணும், இல்லன்னா அது முழுசா இறங்கலன்னு அர்த்தம், அப்படியே டைட் பண்ணினா கியர்பாக்ஸ் பம்ப் நொறுங்கிடும், மறுபடி பிரிச்சு சேருங்க.

மாட்டினதும் ஆசையில சாவியைத் திருப்பிடாதீங்க, பேரிங் எல்லாம் காய்ஞ்சு இருக்கும். ஆயில் ஊத்தி, ஃபில்டர்லயும் கொஞ்சம் ஊத்தி, பெட்ரோல் இன்ஜின்னா ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷன் ஃபியூஸையும் எடுத்துட்டு 10 செகண்ட் 10 செகண்டா ஸ்டார்ட்டரால இன்ஜினை சுத்துங்க, நடுநடுவுல ஸ்டார்ட்டர் ஆற விடுங்க. டாஷ்போர்டுல ஆயில் லைட் அணைஞ்சப்புறம்தான் பிளக்கும் ஃபியூஸும் மாட்டணும். ஸ்டார்ட் ஆன சில செகண்ட்ல லைட் அணையலன்னா உடனே ஆஃப் பண்ணிடுங்க. ஹீட்டரை ஃபுல் சூட்டுல வச்சு கூலன்ட்ல இருக்குற காத்தை வெளியேத்துங்க, ஃபேன் ஓடுற வரைக்கும் டெம்பரேச்சர் முள்ளைப் பாத்துட்டே நில்லுங்க.

ரீபில்ட் பண்ணின இன்ஜின்னா நீளமா ஐடில்ல விடாதீங்க, மிதமான லோடுல வேகத்தை மாத்தி மாத்தி ஓட்டுங்க, பிஸ்டன் ரிங் அப்பதான் ஒழுங்கா படியும், முதல் 1000 கிலோமீட்டருக்குள்ள ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க. மறுநாள் காலைல இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது கூலன்ட் லெவல் பாருங்க, அநேகமா இறங்கியிருக்கும், நிரப்பிட்டு அடியில ஒரு அட்டையை விரிச்சு வைங்க, எங்க சொட்டுதுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.