சேணமேற்றினால் நகராத இளங்குதிரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கயிற்றில் விட்டால் துள்ளி ஓடும் 3 வயதுக் குதிரை, ஆள் ஏறி உட்கார்ந்ததும் காலை ஊன்றி நின்றுவிடும். உடனே ‘சண்டி’ என்று பட்டம் கட்டுவதுதான் முதல் தவறு. அதன்பின் அடியைத் தவிர வேறு வழி யாருக்கும் தோன்றாது. இளங்குதிரை நகராததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. எங்கோ வலிக்கிறது, அல்லது விலாவில் படும் காலுக்கு என்ன பொருள் என்று அதற்கு இன்னும் தெரியாது.

வலியைப் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள். 2½ முதல் 4½ வயது வரை பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சின்னஞ்சிறு பல் ஒன்று இருந்தால் கடிவாளம் அதில் இடிக்கும். சேணத்தின் கனம் கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பின்னால் விழக்கூடாது. முன்பக்கம் தோளின் அசைவைத் தடுக்கக்கூடாது. வளரும் குதிரையின் முதுகு மாறிக்கொண்டே இருக்கும். போன பருவத்தில் பொருந்திய சேணம் இப்போது கடிக்கலாம். வயிற்று வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல் ஒரு துளை, சில அடி நடை, மறுபடி ஒரு துளை என்று இறுக்குங்கள். வார் கட்டும்போதே காதை மடக்கிக் கடிக்க வந்தாலோ, நேற்றுவரை நன்றாக நடந்தது இன்று திடீரென்று நின்றாலோ, சாட்டையைத் தேடாதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வயிற்றுப்புண்கூடக் காரணமாக இருக்கலாம்.

வலி இல்லை என்று உறுதியானால், அடுத்துப் பார்க்க வேண்டியது, கால், குரல், சாட்டை என்று குதிரைக்கு நாம் தரும் குறிப்புகளின் வரிசை. பலரும் சறுக்குவது இங்கேதான். ‘நட’ என்ற குரலைத் தரைப்பயிற்சியிலேயே, அதாவது ஆள் ஏறாமல் தரையில் நின்று பழக்கும்போதே, குதிரை கற்றிருக்கும். ஏறியபின் குரலையும் காலையும் ஒன்றாகக் கொடுத்தால் அது தெரிந்த குரலை மட்டும் கேட்கும், காலைப் பொருட்படுத்தாது. புதியது முதலில் வரவேண்டும். இரு கெண்டைக்கால்களாலும் மெல்ல அழுத்துங்கள். ஒரு நொடி கழித்துக் குரல். அப்போதும் அசையாவிட்டால் உங்கள் காலுக்குச் சற்றுப் பின்னால் சாட்டையால் லேசான தட்டல்கள், அடியெடுக்கும்வரை ஒரே தாளத்தில். முதல் அடி எழுந்த கணமே மூன்றையும் நிறுத்திவிடுங்கள். குதிரைக்குப் பாடம் சொல்வது அழுத்தம் அல்ல, அது விலகும் நேரம். இரண்டு நொடி தாமதித்தால், எதற்காக விட்டீர்கள் என்று அதற்குப் புரியாது.

அடிக்கொரு உதை கொடுத்துக்கொண்டே போவதும் இதே தவறின் இன்னொரு முகம். நடந்தாலும் உதை, நின்றாலும் உதை என்றால் நடப்பதில் அதற்கு என்ன லாபம்? நாளடைவில் விலா மரத்துப்போகும்.

காலால் ‘போ’, கையால் ‘நில்’ என்பது இன்னும் மோசம். பயத்தில் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தபடி உதைக்கும்போது குதிரைக்கு முன்வழியும் அடைபடுகிறது. மிச்சம் பின்வாங்குவது, அல்லது முன்கால் தூக்கி நிற்பது. புதிதாக ஏறுபவர் தலைக்கவசத்தோடு, குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை கட்டி அதைப் பிடித்துக்கொள்ளலாம். வாயைப் பிடித்துத் தொங்கக்கூடாது.

ஊன்றி நின்றுவிட்ட குதிரையை நேர்முன்னாகத் தள்ளிப் பயனில்லை. நான்கு காலையும் தூண்போல் நட்டு நிற்பதுதான் அதன் பலம். ஒரு பக்கக் கடிவாள வாரைப் பக்கவாட்டில் விலக்கிப் பிடித்து தலையைத் திருப்பச் சொல்லுங்கள். முன்கால் ஒன்று இடம் மாறியே தீரும். அந்த அடியை ஏற்றுக்கொண்டு உடனே கையைத் தளர்த்தி நேராகப் போகவிடுங்கள். தலை உயர்ந்து, முன்பாகம் இலேசாகி, பின்னால் நகரத் தொடங்கினால் காலாலும் சாட்டையாலும் இன்னும் வற்புறுத்தாதீர்கள், அடுத்தது முன்கால் தூக்கல்தான். அப்படித் தூக்கிவிட்டால் இரு கையையும் முன்னால் கொடுத்து உடலைப் பிடரியோடு சாய்க்க வேண்டும். கடிவாள வாரை இழுத்தால் குதிரை பின்பக்கமாக உங்கள்மீதே சாயக்கூடும். ஒருமுறை தூக்கிய குதிரையைப் புதியவர் தொடர்ந்து பழக்கக்கூடாது.

முன்னால் நின்று கயிற்றால் இழுக்கும் உதவியாளர் வேண்டாம். இழுத்தால் அது எதிர்த்து இழுக்கும். தோளோரம் நடந்து, தரைப்பயிற்சியில் சொன்ன அதே குரலைச் சொன்னால் போதும். அனுபவமுள்ள நிதானமான குதிரை ஒன்று முன்னே நடந்தாலும் இளசு பின்தொடரும், ஆனால் அதையே நம்பியிருந்தால் தனியாக ஒருபோதும் போகாது. சில நாளில் பக்கத்துக்கு மாற்றி, பிறகு பின்னுக்கு விட வேண்டும்.

தொடக்கத்தில் ஏறியிருக்கும் நேரம் 15, 20 நிமிடம் போதும். களைப்பும் மறுப்பும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். வாசலருகே எப்போதும் நிற்கிறதென்றால் அங்கே இறங்குவதை நிறுத்துங்கள். களத்தின் மறுகோடியில், நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தி இறங்கி வயிற்று வாரைத் தளர்த்துங்கள்.