பவர் குறைந்த எச்சரிக்கை வந்ததும் த்ராட்டில் பாடி வாங்க ஓடாதீர்கள்

‘இன்ஜின் பவர் குறைக்கப்பட்டது’ என்று டேஷ்போர்டில் வந்துவிட்டால், எவ்வளவு மிதித்தாலும் வண்டி ரேஸ் ஏறாது. இந்த இடத்தில் புதிதாகத் தொழில் பழகுபவர்கள், முன்னால் பழகியவர்கள் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். பெட்ரோல் இருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான். காசைக் கரைக்கும் தவறுகள் வேறு.

அந்த எச்சரிக்கை எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. பெடல், த்ராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தட்டு) இரண்டிலிருந்தும் வரும் கணக்கை நம்ப முடியாமல் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) த்ராட்டில் திறப்பைக் கட்டுப்படுத்தியிருக்கலாம். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாதது), டர்போ அழுத்தக் குறைவு, டிபிஎஃப் (டீசல் புகைக்கரி வடிகட்டி) அடைப்பு போன்றவற்றிலிருந்து இன்ஜினைக் காப்பாற்றவும் பவரைக் குறைத்திருக்கலாம்.

கோளாறு கோட் எண்களை உடனே அழிப்பது

ஸ்கேனரை மாட்டியதும் அழிக்கும் பட்டனை அழுத்தினால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். கோளாறு பதிவான நொடியில் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், லோடு என்ன என்பது அதில்தான் இருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இதே நஷ்டம்தான்; ஐடில் லேர்னிங்கும் (பெடலை மிதிக்காதபோதுள்ள ஓட்டத்துக்கு ஈசியூ பழகி வைத்த அளவு) அழியக்கூடும். முதலில் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், அல்லது படம் எடுங்கள்.

கோட் பெயரைப் படித்து த்ராட்டில் பாடியை மாற்றுவது

பார்க்கும்போதெல்லாம் எரிச்சலூட்டும் தவறு இது. பி2135 வந்தால் ‘த்ராட்டில் சென்சார்’ என்று ஸ்கேனரில் காட்டும். உடனே புதிய த்ராட்டில் பாடி (தட்டு, மோட்டார், சென்சார் அடங்கிய கூடு) வாங்கப்படுகிறது. அந்தக் கோட் சொல்வது, த்ராட்டில் நிலையைக் காட்டும் இரண்டு சிக்னல்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது மட்டும்தான். ஈசியூவுக்குத் தெரிவது தன் கனெக்டர் பின்னுக்கு (ஊசிக்கு) வந்து சேரும் வோல்டேஜ். நடுவில் பெரும்பாலும் ஆறு வயர்கள்: மோட்டாருக்கு இரண்டு, 5 வோல்ட் சப்ளை, சென்சார் எர்த், சிக்னல் இரண்டு. சென்சார் வயர்களில் ஒன்றிலோ அதன் பின்னிலோ தொடர்பு தளர்ந்தாலும் இதே கோட் வரலாம்.

புதிய பாகம் ஏமாற்றுவதற்கும் காரணம் உண்டு. மாட்டும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறோம், வயரை அசைக்கிறோம். தளர்ந்த பின் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்கிறது. வண்டி சில நாள் நன்றாக ஓடுகிறது. எச்சரிக்கை திரும்ப வந்ததும் அடுத்து பெடல், அதற்கும் அடுத்து ஈசியூ. இப்படி மூன்று பாகம் மாறி வரும் வண்டியில், கனெக்டருக்கு இரண்டு விரல் தள்ளி, மேலுறை கிழியாமலே உள்ளே செம்பு இழை முறிந்திருக்கும். கழற்றி எறிந்த பழைய த்ராட்டில் பாடி நல்லது, பணம் வண்டிக்காரருடையது.

ஆகவே கனெக்டரைத் தொடுவதற்கு முன்பே சாவியைப் போட்டு, இன்ஜினை ஓட்டாமல், ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் இரண்டு சிக்னலையும் பாருங்கள். சில வண்டிகளில் ஒன்று ஏற மற்றொன்று இறங்கும், கூட்டினால் 5 வோல்ட் அளவுக்கு வரும். சிலவற்றில் இரண்டுமே ஏறும். அந்த வண்டியின் வயரிங் படம்தான் அளவுகோல். பார்த்துக்கொண்டே வயர் கட்டை மெல்ல அசையுங்கள். எண் துள்ளினால் இடம் கிடைத்துவிட்டது.

பிறகு மல்டிமீட்டர். கனெக்டரின் பின்புறமிருந்து மெல்லிய ஊசியால் அளவெடுங்கள். முன்பக்கத் துளையில் தடித்த முனையைத் திணித்தால் பின் விரிந்து, இல்லாத கோளாறை நீங்களே உண்டாக்குவீர்கள். சப்ளை 4.9 முதல் 5.1 வோல்ட் இருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவுக்கும் சென்சார் எர்த்துக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையைத் தேடுங்கள்.

மோட்டார் வயர்களுக்கு ஓம் அளவை மட்டும் நம்பக் கூடாது. ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும். கரன்ட் பாயும்போதுதான் தோற்கும். வயரை இரண்டு முனையிலும் கழற்றிய பிறகு, ஃப்யூஸ் வைத்த வயர் மூலம் 12 வோல்ட் கொடுத்து மோட்டார் அளவுக்குக் கரன்ட் இழுக்கும் ஒரு பல்பை எரியவிடுங்கள். பேட்டரியில் நேராக எரிவதுபோல் பளிச்சென்று எரியாவிட்டால் வயர் கெட்டது.

5 வோல்ட்டே வராமல் இருந்தால் அதே சப்ளையைப் பகிரும் மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஏசி கேஸ் பிரஷர் சென்சார் ஷார்ட் ஆகி, த்ராட்டில்மேல் பழி விழுவதும் உண்டு. எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்தச் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டுமே த்ராட்டில் பாடிக்கு வாருங்கள்.

பி2138-ஐ பி2135 என்று படிப்பது

பி2138 சொல்வது பெடலின் இரண்டு சிக்னல்களை. சோதனை முறை இதேதான்.

த்ராட்டில் தட்டை விரலால் தள்ளிச் சுத்தம் செய்வது

சாவி போட்டிருக்கும்போது விரலை உள்ளே விடவே கூடாது. மோட்டார் தட்டை மூடினால் விரல் நசுங்கும். சாவியை எடுத்து, கனெக்டரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். த்ராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். நேரே பீய்ச்சினால் திரவம் தண்டு வழியாக மோட்டார், சென்சார் பக்கம் இறங்கும். கரி போனதும் பழைய திறப்பிலேயே காற்று கூடுதலாகப் போவதால் ஐடில் ஏறி நிற்கும். ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் செய்துவிடுங்கள்.

பேட்டரியைப் பார்க்காமல் தொடங்குவது

ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால், சார்ஜ் செய்த பிறகே மற்ற சோதனை.

த்ராட்டில் கோட் இல்லாதபோதும் அங்கேயே தேடுவது

பி0299 (டர்போ அழுத்தக் குறைவு) என்றால் டர்போ குழாய்கள், கிளாம்ப், வேக்குவம் ஹோஸ், ஆக்சுவேட்டர். பி0300 (மிஸ்ஃபயர்) என்றால் பிளக், காயில், இன்ஜெக்டர். செக் இன்ஜின் விளக்கு மினுக்கினால் வண்டியை ஓட்டவே வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும்.

தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துச் சாவியைக் கொடுப்பது

எழுதி வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமை எடுங்கள். 90 டிகிரி கூலன்ட் வெப்பத்தில், மேட்டில் ஏறும்போது கோட் விழுந்திருந்தால், அதே சூட்டில், அதே லோடில் ஓட்டுங்கள். திரும்பி வந்து நிலுவைக் கோட் (பதிவாகியும் இன்னும் விளக்கை எரியவிடாத கோட்) இருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.