பழைய டிஎஸ்எல்ஆரையும் புதிய மிரர்லெஸ்ஸையும் ஒப்பிடும் முறை

2016-இல் வெளிவந்த, உள்ளே கண்ணாடி கொண்ட டிஎஸ்எல்ஆர் கேமராவான கேனான் 1300டி வைத்திருப்பவர், 2023-இல் வந்த, கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராவான கேனான் ஆர்50-க்கு மாறலாமா என்று முடிவு செய்யும்போது, 18 மெகாபிக்சல், 24 மெகாபிக்சல் என்ற எண்களை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். ஒளியைப் படமாக்கும் சென்சார் இரண்டிலும் ஒரே ஏபிஎஸ்-சி அளவே என்பதால், 1300டி-யின் பழைய 18-55 மி.மீ. லென்ஸையே அடாப்டர் (இணைப்பு வளையம்) வழியாக ஆர்50-இலும் பொருத்தி, முக்காலியில் நிறுத்தி, ஒரே ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்), அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு), ஷட்டர் வேகத்தில் ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் படமாக) எடுத்து, இரு படங்களையும் ஒரே அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பதே நியாயமான சோதனை. அப்போது 1300டி-யில் லைவ் வியூவை, அதாவது பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சியை, பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்வது அவசியம்; கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக எடுத்தால், ஃபோகஸைத் தனி உணரி ஒன்று அளப்பதால், கூர்மைக் குறைவு அந்த அளவீட்டின் பிழையாகவும் இருக்கக்கூடும். நல்ல வெளிச்சத்தில் வித்தியாசம், புதியதை வாங்கத் துடிப்பவருக்கு ஏமாற்றமளிக்கும் அளவுக்குச் சிறிதாகவே தெரியும்.

உண்மையான இடைவெளி ஃபோகஸில்தான் இருக்கிறது. நம்மை நோக்கி ஓடிவரும் குழந்தையின் முகத்தைச் சட்டகத்தின் ஓரத்தில் வைத்துத் தொடர்ச்சியாக எடுத்தால், 9 ஃபோகஸ் புள்ளிகளும் நொடிக்கு 3 படங்களும் மட்டுமே கொண்ட 1300டி தடுமாறும். ஆர்50 கண்ணையே பிடித்துக்கொண்டு பின்தொடரும். 1300டி-யின் வியூஃபைண்டர் கண்ணாடி வழியாகவே காட்சியைக் காட்டுவதால் அதற்கு மின்சாரம் செலவாகாது; எனவே பேட்டரி நீடிப்பில் பழையதே மேல். ஆர்50-உடன் விற்கப்படும் 18-45 லென்ஸ் முழு ஜூமில் எஃப் 6.3 வரையே திறக்கும், அதாவது குறைந்த ஒளியையே உள்ளே விடும் என்பதால், மங்கலான அறைகளில் படமெடுப்பவர் இன்னொரு லென்ஸின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.