‘இன்டர்ன்’ என்று பெயர் வைத்தால் தொழிலாளர் சட்டம் பொருந்தாதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடிதத்தில் ‘இது வேலைவாய்ப்பு அல்ல’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் எந்தத் தொழிலாளர் சட்டமும் நெருங்காது என்று பல நிறுவனங்கள் நினைக்கின்றன. மாணவர்களும் அதை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

இன்டர்ன் என்றால் யார் என்று மத்திய தொழிலாளர் சட்டங்கள் வரையறுக்கவில்லை. அவற்றுக்குத் தெரிந்தவர் அப்ரன்டிஸ், அதாவது ஒப்பந்தத்தின் கீழ் தொழில் பழகுபவர். பழகுநர் சட்டம், 1961-ன்படி ஒப்பந்தம் போட்டுப் பயிற்சி பெறுபவரை ‘தொழிலாளி அல்ல’ என்கிறது அதன் 18-ஆம் பிரிவு. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் ‘ஊழியர்’ வரையறையிலிருந்து அந்த அப்ரன்டிஸை விலக்குகிறது. மற்ற இன்டர்ன்களுக்கு அப்படித் தனி விலக்கு இல்லை.

அவர்கள் விஷயத்தில் உண்மையில் நடக்கும் வேலைதான் பேசும். கல்லூரிக் கடிதத்தோடு வந்து, ஒருவரின் மேற்பார்வையில் கற்று, ரிப்போர்ட் எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவரை ஊழியர் என்று வாதிடுவது கடினம். அதே மாணவர் காலை ஷிப்டில் கவுண்டரில் பில் போடுகிறார், லீவில் போனவரின் இடத்தை நிரப்புகிறார், மாதாமாதம் பணம் வாங்குகிறார் என்றால் கதை வேறு. அவர் கூலிக்கு வேலை செய்பவரே என்ற வாதம் வலுப்பெறும். குறைந்தபட்ச ஊதியக் கேள்வியும் கூடவே வரும். படிப்பு முடிந்த பிறகும் ‘இன்டர்ன்ஷிப் நீட்டிப்பு’ என்று வைத்துக்கொள்வது நிறுவனத்துக்கு இன்னும் ஆபத்து.

‘அப்ரன்டிஸ்’ என்று கடிதத்தில் எழுதிவிட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விடுவதும் பரவலான தவறு. ஒப்பந்த விவரத்தை ஏழு நாளுக்குள் அரசின் இணையதளத்தில் பதிவுக்காக ஏற்ற வேண்டும். மாணவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். விதிகளில் சொன்ன குறைந்தபட்ச ஸ்டைபெண்டுக்கு (பயிற்சி உதவித்தொகை) கீழே போகவும் கூடாது. பயிற்சியில் காயம் பட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளியுடையது (பிரிவு 16). பயிற்சி முடிந்ததும் வேலை கிடைத்தே தீரும் என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டுமே கேட்க முடியும்.

பி.எஃப். விஷயத்தில் அவசர முடிவு வேண்டாம். வருங்கால வைப்பு நிதிச் சட்டம், 1952-இன் வரையறை, 1961 சட்டத்தின்படியோ நிறுவனத்தின் நிலையாணைப்படியோ (அங்கு வேலை நிபந்தனைகளைச் சொல்லும், சான்றளிக்கப்பட்ட விதிகள்) பயிற்சி பெறும் அப்ரன்டிஸைத்தான் விலக்கியது. இந்த இரண்டிலும் வராத ஒருவரை ‘டிரெய்னி’ என்று சம்பளப் பட்டியலில் மாற்றி எழுதினால், பின்னாளில் பங்களிப்புத் தொகையை வட்டியோடு கட்ட நேரலாம்.

மாணவிகள் அதிகம் ஏமாறுவது இன்னோர் இடத்தில்: சம்பளமில்லாத இன்டர்ன் பாலியல் தொல்லை பற்றிப் புகார் தர முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பயிற்சியாளர், அப்ரன்டிஸ், ஊதியமின்றித் தன்னார்வமாக வேலை செய்பவர் எல்லாரும் அடக்கம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள், இத்தகைய புகார்களை விசாரிக்க நிறுவனத்திலேயே அமைக்கப்படும் உள்ளகக் குழுவிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பத்துப் பேருக்கும் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

வேலையை விட்டபின் ஆதாரம் தேடுவதும் வழக்கமாகிவிட்டது. கடிதம், ஷிப்ட் அட்டவணை, வேலை ஒதுக்கிய மின்னஞ்சல், வங்கிக் கணக்கில் வந்த தொகை ஆகியவற்றின் நகலைப் பயிற்சிக் காலத்திலேயே எடுத்து வையுங்கள். ஊழியர் என்று நிலைநாட்ட முடிந்தால், ஊதியச் சட்டத் தொகுப்பின்படி நிலுவைக்கு மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான் விழும்.